7. விண்ணப்பம் இப்போது யார் கையில்?

திருவண்ணாமலை ரமண நகரில் வாடகை கட்டுப்படியாகாத வெளிநாட்டவர்களும், ஹாரன் சத்தம் வேண்டாம் என்பவர்களும் மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலைக்கு வந்துவிடுகிறார்கள். மார்கழியில் வந்தவர் பங்குனி வெயிலுக்கு முன் கிளம்பிவிட்டால் பிரச்சினை இல்லை. சிலர் கிளம்புவதில்லை. விசாவை நீட்டிக்க வேண்டும், வீடு மாறியதைத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டதால் விசா வகையை மாற்ற வேண்டும் என்று ஏதாவது ஒரு விண்ணப்பம் போடுவார்கள். போட்ட மறுநாளிலிருந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரே பேச்சுதான்: ஸ்டேட்டஸ் என்ன?

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கானது. நீங்கள் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டவராக இருக்கலாம். வெளிநாட்டு மருமகளுக்காக அலைகிற மாமியாராக இருக்கலாம். கிரிவலப் பாதையில் பிரவுசிங் சென்டர் நடத்துபவராக இருக்கலாம். விண்ணப்பம் அவருடையதாக இருந்தாலும் அதில் இருக்கிற முகவரி உங்களுடையது. போலீஸ் விசாரிக்க வந்தால் உங்கள் வாசலில்தான் வண்டி நிற்கும். அதனால் நிலையைப் பார்க்கத் தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது.

திரையில் தெரியும் வரி எதுவாக இருந்தாலும் அதைப் படித்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான். கோப்பு இப்போது யார் கையில் இருக்கிறது? அவர்கள் கையில் என்றால் காத்திருக்க வேண்டும். நம் கையில் என்றால் இன்றைக்கே ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும். நம் கையில் இருக்கிற கோப்புக்கு அலுவலகத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் தவறு தவறான தளத்தில் தேடுவது. வெளிநாட்டவர் சம்பந்தப்பட்ட விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

இந்தியாவுக்கு வருவதற்கு முன், தன் நாட்டிலிருந்தே போடுவது இ-விசா. 2014 நவம்பர் 27இல் தொடங்கிய திட்டம் இது. அதற்கான தளம் இந்தியன் விசா ஆன்லைன்; விண்ணப்ப எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் கொடுத்தால் நிலை தெரியும். அங்கே ‘கிராண்டட்’ என்று வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். மின்னஞ்சல் வரவில்லையே என்று சிலர் பதறுவார்கள். மின்னஞ்சல் வராவிட்டாலும் தளத்தில் ‘கிராண்டட்’ என்று இருந்தால் போதும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விரல் ரேகை, புகைப்படம் எல்லாம் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

சுற்றுலா இ-விசாவைப் பொதுவாக நீட்டிக்க முடியாது, வேறு வகையாக மாற்றவும் முடியாது. இதை வாடகை பேசும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஒரு வருஷம் இருப்பேன்’ என்று சொல்லி அட்வான்ஸ் கொடுப்பவரின் கையில் இருப்பது ஐந்தாண்டு இ-விசாவாகவே இருக்கலாம். ஐந்தாண்டு என்பது வந்து போவதற்கான காலம். ஒரே மூச்சில் அத்தனை நாள் இருக்க அதில் அனுமதி இல்லை.

வந்து இறங்கிய பிறகு போடுவதெல்லாம் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில். பதிவு, விசா நீட்டிப்பு, விசா மாற்றம், முகவரி மாற்றம், வெளியேறும் அனுமதி ஆகிய எல்லாம் இதில் அடக்கம். 2018இல் சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களில் இது தொடங்கியது. அதற்கு முன் சென்னை நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனுக்கோ, இங்கே எஸ்.பி. ஆபீசுக்கோ கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேரில் போய் உட்கார வேண்டும். சென்னை என்றால் போக வர ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இப்போது பெரும்பாலானவர்களுக்கு நேரில் போகும் வேலையே இல்லை. அதிகாரி கூப்பிட்டால் போனால் போதும்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கும், இந்தியரை மணந்த வெளிநாட்டினருக்கும் உரிய ஓ.சி.ஐ. அட்டைக்குத் தனித் தளம் உண்டு. இந்தியக் குடியுரிமை கேட்டுப் போடும் விண்ணப்பத்துக்கு வேறொரு தளம். இந்த இரண்டையும் கடைசியில் பார்ப்போம். திருவண்ணாமலையில் தினசரி தலைவலி இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ.தான்.

உள்ளே போய்ப் பார்ப்பது

விண்ணப்பத்தை முழுசாகச் சமர்ப்பித்ததும் ஒரு விண்ணப்ப எண் வரும். அதை அச்செடுத்து ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறேன் என்பார்கள்; கைபேசி தொலைந்தால் படமும் போச்சு. தாளில் இருக்கட்டும்.

எந்த மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் திறந்தாரோ அதே மின்னஞ்சல், அதே கடவுச்சொல்லுடன் உள்ளே நுழைந்தால் அவர் போட்ட விண்ணப்பங்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் நிலையும் தெரியும். ஓடிபி எந்தக் கைபேசி எண்ணுக்குப் போகிறது என்பதை ஆரம்பத்திலேயே யோசித்துக் கொடுக்க வேண்டும். பலர் இந்திய சிம் வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையோ, ஆட்டோ ஓட்டும் அண்ணன் எண்ணையோ கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அவர் சவாரியில் இருக்கும்போது இங்கே ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மூன்று மாதம் கழித்து அவர் எண்ணை மாற்றிவிட்டால் கதை முடிந்தது.

திரையில் வரும் சொற்கள் அவ்வப்போது மாறும். பொருளில் சில வகைகள்தான்.

விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை என்று காட்டினால் அதை யாருமே பார்க்கவில்லை என்று பொருள். படிவத்தை நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, கடைசிப் பொத்தானை அழுத்தாமல் விட்டிருப்பார். கரண்ட் போயிருக்கும், நெட் போயிருக்கும், அல்லது பிரவுசிங் சென்டர் மூடும் நேரம் ஆகியிருக்கும். இவரோ விண்ணப்பித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக விருபாட்ச குகைக்குப் போய் உட்கார்ந்திருப்பார். விசா தேதி ஓடிக்கொண்டிருக்கும்.

பரிசீலனையில் இருக்கிறது என்றால் அவர்கள் கையில். தினம் நான்கு தடவை உள்ளே போய்ப் பார்ப்பதால் அது நகரப் போவதில்லை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை போதும்.

கூடுதல் ஆவணம் கேட்டிருக்கிறது, மறுபடி ஏற்றச் சொல்லியிருக்கிறது என்றால் நம் கையில். இங்கேதான் வாரங்கள் வீணாகின்றன. கேட்ட செய்தி மின்னஞ்சலில் போயிருக்கும். அது ஸ்பேமில் கிடக்கும். ‘அண்ணே, இன்னும் பெண்டிங்தான் காட்டுது’ என்று பிரவுசிங் சென்டர் பையன் சொல்வான். அந்த வரியை அழுத்தி உள்ளே போனால்தான் எதற்காகப் பெண்டிங் என்பது தெரியும். மேலோட்டமாகப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கம் மங்கலாக இருக்கிறது, பாஸ்போர்ட்டில் கடைசியாக வந்து இறங்கிய முத்திரைப் பக்கம் இல்லை, புகைப்படத்தின் பின்னணி வெள்ளையாக இல்லை என்று சின்னச் சின்ன விஷயமாக இருக்கும். அரை மணி நேர வேலை.

கட்டணம் செலுத்தச் சொன்னாலும் நம் கையில்தான். சேவைக்கான கட்டணத்தை ஆவணங்களைப் பார்த்த பிறகு கேட்பார்கள். நாட்டுக்கு நாடு, விசாவுக்கு விசா தொகை மாறும். வெளிநாட்டு வங்கி அட்டை சில நேரம் நிராகரிக்கப்படும். பணம் கணக்கிலிருந்து போய்விட்டதா, தளத்தில் வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் இரண்டாவது தடவை கட்டிவிட வேண்டாம். கட்டாமல் விட்டுவைத்தால் கோப்பை மூடிவிட இடம் உண்டு. மூடினால் மறுபடி முதலிலிருந்து.

அனுமதி கிடைத்ததும் சான்றிதழ் பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் வரும். அதை அச்செடுத்துப் பெயர், பாஸ்போர்ட் எண், முகவரி, முடியும் தேதி நான்கையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே எழுதிக் கேட்பது சுலபம். ஆறு மாதம் கழித்து விமான நிலையத்தில் கண்டுபிடித்தால் சுலபமில்லை.

அடி அண்ணாமலை முகவரியின் சங்கடங்கள்

வேறு ஊர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. இங்கே விண்ணப்பங்கள் சிக்கும் இடம் பெரும்பாலும் முகவரிச் சான்று.

மாடி வீடு மகன் கட்டியது, பட்டா தாத்தா பெயரில், இ.பி. இணைப்பு காலமான அப்பா பெயரில். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் மருமகள். ஊரில் எல்லோருக்கும் இது ஒரே குடும்பம் என்று தெரியும். கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு நான்கு பெயர்கள்தான் தெரியும். எந்தப் பெயரில் வீட்டு வரி ரசீதும் இ.பி. ரசீதும் இருக்கிறதோ அவர் உயிரோடு இருந்தால் அவரையே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வையுங்கள். இல்லையென்றால் உறவைச் சொல்லி வீட்டு உரிமையாளர் ஒரு கடிதம் எழுதி, வாரிசுச் சான்றின் நகலோடு சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே ஏற்றிவிட்டால் ஒரு சுற்று மிச்சம்.

சுற்றுப்புற ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. அதிலிருந்து பழைய ரசீதில் ஒரு விதமாகவும் புதிய ரசீதில் இன்னொரு விதமாகவும் முகவரி இருக்கிற வீடுகள் உண்டு. ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் சேர்த்தும் பிரித்தும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒப்பந்தம், சி பாரம், விண்ணப்பம் மூன்றிலும் ஒரே எழுத்தில், ஒரே கதவு எண்ணோடு, ஒரே பின்கோடோடு இருக்கட்டும்.

சி பாரத்தைப் பற்றி ஐந்தாம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்க இடம் கொடுத்தவர் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். லாட்ஜுக்கு மட்டும்தான் இது என்று நினைக்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாடியில் ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் உங்களுக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 1இல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆம் ஆண்டுகளின் நான்கு சட்டங்களை எடுத்துவிட்டு இந்த ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். படிவத்தின் பெயரும் எண்ணும் மாறினாலும் கடமை மாறவில்லை. நம் ஊரில் அது இன்னும் சி பாரம்தான். (எழுத்தாளர் பால் பிரண்டன் 1930களின் தொடக்கத்தில் ரமணரைத் தேடி வந்து இறங்கியபோது 1939ஆம் ஆண்டுச் சட்டமே பிறந்திருக்கவில்லை. அவருக்குத் தங்க இடம் கொடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.)

விண்ணப்ப நிலைக்கும் சி பாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், நேரடிச் சம்பந்தம். அவர் விண்ணப்பத்தில் டிசம்பரிலிருந்து உங்கள் வீட்டில் இருப்பதாக எழுதியிருப்பார். நீங்கள் பிப்ரவரியில் ஞாபகம் வந்து சி பாரம் போட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே அமைப்பின் கண்ணில்தான் படும். தேதி இடித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் நிலை நகராது. இதில் அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

இன்னொரு உள்ளூர்ப் பழக்கம் நடுவில் வீடு மாறுவது. ரமண நகர் முகவரியில் விண்ணப்பம் போட்டுவிட்டு, அது நிலுவையில் இருக்கும்போதே அத்தியந்தலுக்கோ அடி அண்ணாமலைக்கோ வந்துவிடுவார். விசாரணைக்கு வருகிற காவலர் பழைய வீட்டில் போய்க் கேட்பார். ‘அவங்க காலி பண்ணிட்டாங்களே’ என்று பதில் வரும். அப்படியே அறிக்கை எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். கூடுமானவரை அனுமதி வரும்வரை வீடு மாற வேண்டாம் என்று சொல்லுங்கள். மாறியே ஆக வேண்டும் என்றால் முகவரி மாற்றத்தைத் தளத்திலேயே உடனே தெரிவிக்க வேண்டும். புதிய வீட்டுக்காரர் தனியாகச் சி பாரம் போட வேண்டும்.

மாவட்டத்தில் வெளிநாட்டினர் பதிவு அதிகாரி காவல் கண்காணிப்பாளர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு நாள்காட்டியைப் பாருங்கள். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் இந்த மாவட்டத்துக் காவல்துறைக்குப் பந்தோபஸ்துதான் வேலை. வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆள் வருவார்கள். சித்ரா பௌர்ணமிக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த நாட்களில் உங்கள் மாடிக்குடித்தனக்காரரைப் பற்றி விசாரிக்க ஒருவர் கிளம்பி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விசா டிசம்பரில் முடிகிறது என்றால் நீட்டிப்பு விண்ணப்பத்தை ஐப்பசி தொடக்கத்திலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.

காவலர் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தம், சி பாரம், பாஸ்போர்ட் நகல், விண்ணப்ப எண் அச்சடித்த தாள் நான்கையும் ஒரே உறையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். அவர் வேலை பத்து நிமிடத்தில் முடியும். வெளிநாட்டவர் அப்போது வெளியே போயிருந்தால் எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிக் கைபேசியில் கூப்பிட்டுக் கொடுங்கள். அவருக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்வது இரண்டு பேரையும் மாட்டிவிடும்.

நிலுவையில் இருக்கும்போது

விண்ணப்பம் போட்ட ரசீது விசா ஆகிவிடாது. முடியும் தேதிக்கு முன்னால் விண்ணப்பித்தார் என்பதற்கு அது ஆதாரம். அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு. அதனால் பாஸ்போர்ட்டோடு எப்போதும் இருக்கட்டும். கேரளாவுக்குப் போய்வருகிறேன், இலங்கைக்கு ஒரு நடை போய்வருகிறேன் என்பவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். உள்நாட்டுப் பயணம் என்றால் தங்குகிற இடத்தில் அங்கேயும் சி பாரம் போடுவார்கள், பரவாயில்லை. ஆனால் விசாரணை நேரத்தில் ஆள் இருக்க மாட்டார். நாட்டை விட்டு வெளியே போவதானால் நிலுவையில் இருக்கும் கோப்பை என்ன செய்வது, வெளியேறும் அனுமதி வேண்டுமா என்று முதலில் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுப் பதில் வந்த பிறகு டிக்கெட் எடுக்கட்டும்.

புதிய சட்டத்தில் விசா காலம் கடந்து தங்குவதற்கு 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. தெரிந்தே இடம் கொடுத்து வைத்திருந்தால் வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும். எனவே முடியும் தேதியை உங்கள் வீட்டுக் காலண்டரிலும் வட்டம் போட்டு வையுங்கள். தியானத்துக்கு வந்தவர்களில் சிலருக்கு இன்றைக்கு என்ன கிழமை என்பதே நினைவிருப்பதில்லை.

நாள் கடந்தும் நகரவில்லை என்றால் தளத்தில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதலாம். மூன்று வரி போதும்: விண்ணப்ப எண், எந்தச் சேவை, எந்தத் தேதியிலிருந்து எந்த நிலை. கைலாசத்திலிருந்து தொடங்கித் தான் ஏன் அருணாசலத்துக்கு வந்தேன் என்று இரண்டு பக்கம் எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். படிக்கிறவருக்கு வேண்டியது முதல் பக்கத்தில் இருக்காது. எழுதியும் பதில் இல்லை, விசா முடியப் பத்து நாளுக்குள் இருக்கிறது என்றால் எஸ்.பி. அலுவலகத்தில் வெளிநாட்டினர் பிரிவைக் கேட்டு நேரில் போகலாம். நீங்களும் கூடப் போங்கள். மொழிக்காக மட்டுமில்லை, வீட்டுக்காரரே வந்திருக்கிறார் என்பது முகவரிக் கேள்வியைப் பாதி தீர்த்துவிடும்.

புரோக்கர் விஷயம். ‘உள்ளே ஆள் இருக்கிறது, ஸ்டேட்டஸை மாற்றிக் கொடுக்கிறேன்’ என்று சொல்பவர் பொய் சொல்கிறார். படிவம் நிரப்பிக் கொடுப்பதற்கு நூறு இருநூறு வாங்குவது வேறு. அது உழைப்புக் கூலி. ஆனால் அவர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் திறந்தால் அந்தக் கோப்பின் சாவி அவர் கையில். கூடுதல் ஆவணம் கேட்டால் அவருக்குத்தான் தெரியும், அதற்குத் தனிப் பணம் கேட்பார். கணக்கு வெளிநாட்டவரின் சொந்த மின்னஞ்சலில் மட்டுமே இருக்க வேண்டும். அதே மாதிரி, தேடினால் முதலில் வருகிற தளமெல்லாம் அரசாங்கத் தளம் ஆகாது. பெயரில் இந்தியா, விசா எல்லாம் இருக்கும், அசோகச் சின்னம் மாதிரியே ஒன்று இருக்கும், கட்டணம் மட்டும் இரண்டு மடங்கு. முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள்.

ஓ.சி.ஐ. அட்டை

இந்தியரை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் தேதிக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால் ஓ.சி.ஐ. கேட்கலாம். கோயிலில் தாலி கட்டிய தேதியிலிருந்து எண்ணிக்கொண்டு வருபவர்கள் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் திரும்பிப் போகிறார்கள். இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். ஓ.சி.ஐ. தளத்தில் கோப்பு எண்ணையோ பாஸ்போர்ட் எண்ணையோ கொடுத்து நிலை பார்க்கலாம். திருமண அடிப்படையில் போட்டவற்றில் விசாரணை கூடுதலாக இருக்கும், நாளும் கூடுதலாகும். இடையில் கையில் இருக்கும் விசா முடிந்துவிடக் கூடாது. ஓ.சி.ஐ. நிலுவையில் இருக்கிறது என்பதற்காக விசா தானாக நீளாது; நீட்டிப்பைத் தனியாகப் போட வேண்டும். அட்டை வந்துவிட்டால் எஃப்.ஆர்.ஆர்.ஓ. பதிவு என்ற பேச்சே இல்லை.

லண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் வரும் ஈழத்துச் சொந்தக்காரர்கள் ‘நாங்களும் தமிழர்தானே, எங்களுக்கு ஓ.சி.ஐ. உண்டா?’ என்று கேட்பதுண்டு. தமிழர் என்பது போதாது. பெற்றோர், பாட்டன் வழியில் இந்தியக் குடிமக்கள் இருந்தார்கள் என்பதற்குத் தாளில் ஆதாரம் வேண்டும். மலையகத்துக் குடும்பங்கள் சிலவற்றிடம் அது இருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம் பெரும்பாலும் இருக்காது. அவர்கள் விசாவில்தான் வர வேண்டும்.

முகாமில் இருப்பவர்களுக்கு

இந்த மாவட்டத்தின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. அவர்களுடைய பதிவு வேறு வழியில் நடக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இது தண்டனையிலிருந்து விலக்கு மட்டும்தான். குடியுரிமை கிடைத்துவிட்டது என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.

குடியுரிமை கேட்டு இணையத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு கோப்பு எண் இருக்கும். அந்தக் கோப்பு ஆட்சியர் அலுவலகம், மாநில அரசு, உள்துறை அமைச்சகம் என்று மூன்று படி ஏற வேண்டும். தளத்தில் நிலை பார்க்கும்போது எந்தப் படியில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆட்சியர் அலுவலகத்திலேயே நின்றால் டெல்லிக்கு மனு அனுப்பிப் பயனில்லை. திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு இங்கேயே மனுக் கொடுங்கள்.

விண்ணப்பமே தேவைப்படாதவர்களும் முகாம்களில் இருக்கிறார்கள். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், சட்டப்படி பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த நளினி கிருபாகரன் இதைச் சொல்லித்தான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் தர 2022இல் உத்தரவு வந்தது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசிக்கும் அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பின் வந்த குடும்பங்களில், 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்த பிள்ளைகள் இன்றைக்கு நாற்பதை நெருங்குகிறவர்கள், தாண்டியவர்கள். உங்களுக்குத் தெரிந்து அப்படி யாராவது இருந்தால், எந்தத் தளத்திலும் நிலை தேடுவதற்கு முன் அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடச் சொல்லுங்கள். பிறந்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்திலும் பிரசவம் பார்த்த அரசு மருத்துவமனையிலும் பதிவு இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள்.